ஏழிலிருந்து எட்டுக்கு

மே 30, வெள்ளி

எங்கள் சர்வரில் நூற்றுச்சொச்சம் இணையதளங்கள் குடியிருக்கின்றன. பாதி செத்துவிட்டன. சொந்தக்காரர்களுக்கு இன்னும் தெரியாது. ஒரு ஜவுளிக்கடையின் தளத்தில் நான்கு வருடத்துக்கு முந்தைய ஆடித் தள்ளுபடி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வருட வாடகை தவறாமல் வந்துவிடுவதால் அது உயிரோடு இருப்பதாகவே நாங்களும் வைத்திருக்கிறோம்.

இன்று சார் என் மேசைக்கு வந்தார். சங்கரநாராயணன், இந்த நிறுவனத்தின் முதலாளி. அவர் நின்றபடி பேசினால் கூடுதல் வேலை. உட்கார்ந்து பேசினால் இந்த மாதச் சம்பளம் தள்ளிப்போகும். நின்றார்.

"மாரிச்செல்வி, எல்லா சைட்டையும் எட்டுக்கு மாத்திரணும். ஜூன் பாதிக்குள்ள."

எட்டு என்றால் பி.எச்.பி.யின் எட்டாம் வெர்ஷன். எங்கள் தளங்களெல்லாம் அந்த மொழியில் எழுதப்பட்டவை. எழுதியதை வாசித்து அதன்படி நடக்க சர்வரில் ஒரு ஆள் வேண்டும். வெர்ஷன் எண் அந்த ஆளுக்குத்தான். எங்களிடம் இருப்பவர் ஏழு. அவரைச் செய்தவர்களே அவரைக் கைகழுவி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவரிடம் ஒரு ஓட்டை தென்பட்டால் அடைக்க நாதியில்லை. பக்கத்துத் தெரு நிறுவனத்தில் போன மாதம் எவனோ உள்ளே நுழைந்து எல்லாத் தளங்களிலும் சூதாட்ட விளம்பரம் போட்டுவிட்டுப் போனான். சாருக்கு அதிலிருந்து தூக்கமில்லை. எனக்குத் தூக்கமில்லாமல் போவது இன்றிலிருந்து.

ஜூன் 3, செவ்வாய்

நாற்பது தளங்கள் முடிந்தன. ஆறு உடைந்தன. உடைந்தவற்றின் சொந்தக்காரர்கள் யாரும் இன்னும் கூப்பிடவில்லை.

ஜூன் 5, வியாழன்

உலகநாயகி அம்மாள் அறக்கட்டளையின் தளத்தைத் தனியாக நகலெடுத்துச் சோதித்தேன். எங்களிடம் இருப்பதில் உண்மையாகவே வேலை செய்கிற தளம் அது. வருடத்துக்கு அறுபது பிள்ளைகளுக்கு அந்த அறக்கட்டளை கல்லூரிக் கட்டணமும் விடுதியும் கொடுக்கிறது. குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்களில் பிளஸ் டூ மதிப்பெண் வரிசையில் முதல் அறுபது பேர். மிச்சமுள்ளவர்கள் காத்திருப்பில். யாராவது வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் அடுத்தவர் மேலே வருவார். அதனால் தினமும் காலை ஆறு மணிக்குத் தளத்தின் கணினி நிரல் தானாகவே பட்டியலை மறுபடி போடும். நிலை மாறியவர்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும். மனிதர் யாரும் தொடுவதில்லை. அறக்கட்டளைக்கு அதில் ரொம்பப் பெருமை.

நிரலை எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். அவர் கொடுத்த எண்ணுக்கு அடித்தால் ஒரு மீன் கடையில் எடுக்கிறார்கள்.

பத்துப் போலி விண்ணப்பங்கள் போட்டேன். எல்லாப் பெட்டிகளையும் நிரப்பினேன். பத்தும் சரியாக வந்தன. பிழைப் பதிவில் ஒரு வரி இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

எல்லோரும் இந்த வேலையை நள்ளிரவில் செய்வார்கள். எங்கள் வீட்டுத் தெருவில் எட்டரை மணிக்கு மேல் பெண்பிள்ளை வந்தால் நாயும் குரைக்கும், ஆளும் குரைப்பார்கள். அதனால் ஞாயிறு காலை.

அறக்கட்டளை உட்பட மிச்சமிருந்த தளங்கள் அனைத்தும் எட்டுக்குப் போய்விட்டன. சுத்தமாக இருக்கிறது. சாருக்கு 'முடிந்தது' என்று அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று திருப்பி அனுப்பினார். இது ஊதிய உயர்வுக்குப் பதிலாக.

ஜூன் 9, திங்கள்

தொலைபேசி எடுப்பவன் ஜெரால்டு. பாளையங்கோட்டைக்காரன். யார் திட்டினாலும் 'உங்க சிரமம் புரியுது சார்' என்பான். வீட்டில் அம்மா திட்டினாலும் அதையே சொல்கிறானாம். இன்று காலை அவன் வராததால் நான் எடுத்தேன்.

"வணக்கம் மேடம். எம்பேரு முத்துப்பேச்சி. ஆலங்குளம் பக்கம். போன வாரம் தேர்வுன்னு மெசேஜ் வந்துச்சு. இன்னைக்குத் தகுதியில்லன்னு வந்திருக்கு. எது சரி மேடம்?"

விண்ணப்ப எண்ணைக் கேட்டுத் திறந்தேன். ஐந்நூற்று ஐம்பத்தொன்று மதிப்பெண். நிலை: நிராகரிப்பு. காரணம்: குடும்பத்தில் பட்டதாரி உள்ளார். வாசித்துக் காட்டினேன்.

"யாரு மேடம் அது? கொஞ்சம் பாத்துச் சொல்லுதீங்களா?" என்றாள்.

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். பின்னால் அவள் அம்மாவின் குரல்: "என்னட்டி சொல்லுதாங்க? ஒங்கய்யா எனக்குத் தெரியாம எங்கயும் போயிப் படிச்சிருக்காராமா?"

நாங்கள் இடம் வாடகைக்கு விடுகிறவர்கள் மட்டும்தான், அறக்கட்டளையைக் கேளுங்கள் என்றேன். எழுதும்போது பொய் எழுதிவிட்டு மாட்டிக்கொண்டதும் அப்பாவி வேஷம் போடுகிறவர்கள் உண்டு. நான் பார்த்திருக்கிறேன்.

ஜெரால்டு வந்த பிறகு இதே மாதிரி ஐந்து அழைப்புகள்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் அழைப்புகள். பொய்யர்கள் இப்படி வரிசையாகக் கூப்பிட மாட்டார்கள்.

தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இருபத்திரண்டு பேர் 'தேர்வு'விலிருந்து 'நிராகரிப்பு'க்குப் போயிருக்கிறார்கள். காத்திருப்பிலிருந்து இருபத்திரண்டு பேர் மேலே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் தேர்வு என்று செய்தி போய்விட்டது.

விண்ணப்பத்தில் ஒரு பெட்டி: 'குடும்பத்தில் உள்ள பட்டதாரிகள் எத்தனை பேர்?' முத்துப்பேச்சி அதில் 'யாருமில்லை' என்று எழுதியிருக்கிறாள். மற்றவர்கள் 'இல்லை', 'ஒருவரும் இல்லை', 'நான்தான் முதல்', வெறும் ஒரு கோடு. ஒருவர் 'அப்பா எட்டாவது வரை' என்று எழுதியிருக்கிறார்.

நிரலில் ஒரே வரி. இந்தப் பெட்டியில் இருப்பது பூஜ்யத்துக்குச் சமமா? சமம் என்றால் தகுதி உண்டு. ஏழாம் வெர்ஷனிடம் எழுத்தைக் கொடுத்து எண்ணோடு ஒப்பிடச் சொன்னால், அது எழுத்துக்குள் எண்ணைத் தேடும். கிடைக்காவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும். 'யாருமில்லை' பூஜ்யம். கோடு பூஜ்யம். எட்டு அப்படியெல்லாம் வைத்துக்கொள்ளாது. எழுத்து எழுத்துதான், எண் எண்தான். 'யாருமில்லை' என்பது பூஜ்யமல்ல. பூஜ்யமில்லை என்றால் யாரோ இருக்கிறார்கள். ஆகவே நிராகரிப்பு. இதில் எந்தப் பிழையும் இல்லாததால் பிழைப் பதிவில் எதுவும் வராது.

இந்த மாற்றத்தைப் பற்றி முன்பே படித்திருக்கிறேன். நல்ல மாற்றம் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அது நல்ல மாற்றம்தான்.

இருபத்திரண்டில் ஒரு பையன் 'அண்ணன் பி.ஏ.' என்று நேர்மையாக எழுதியிருக்கிறான். ஏழு அதையும் பூஜ்யம் என்றே எடுத்துக்கொண்டது. ஏழுக்கு வாசிக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் நம்புவது.

சோதனைக்கு நான் போட்ட பத்துப் பேருக்கும் 0 என்றே போட்டிருந்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. ஜெரால்டு எட்டிப் பார்த்து, "ஒங்க வீட்ல யாரெல்லாம் படிச்சிருக்காங்க செல்வி?" என்று கேட்டான். சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று சொன்னேன்.

ஜூன் 11, புதன்

சாரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"நாம வீட்ட வாடகைக்கு விட்டவங்க. உள்ள அவங்க என்ன சமைக்காங்கன்னு நமக்கு எதுக்கு?"

"அடுப்ப மாத்துனது நாம சார்."

"சொல்லிட்டுத்தான மாத்துனோம். மே மாசமே மெயில் போட்டாச்சு. ஒங்க நிரலச் சரிபாத்துக்கோங்கன்னு அதுல தெளிவா இருக்கு. அவங்க பாக்கல. நாம ஒண்ணும் பண்ண முடியாது."

மே 31 அன்று அந்த மின்னஞ்சலை எழுதியது நான். ஆங்கிலத்தில் மூன்று பத்தி. அதை யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தே எழுதியது. எல்லா நிறுவனங்களும் அப்படித்தான் எழுதுகின்றன.

"அவங்ககிட்ட நம்ம தப்புன்னு எழுத்துல எதுவும் குடுத்துறாத. வாய்ல வேணா சொல்லு" என்றார்.

அறக்கட்டளையில் இருபதாம் தேதி சேர்க்கை. அன்றைக்குப் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் இடம். அதன்பிறகு பட்டியல் மூடப்படும்.

ஜூன் 12, வியாழன்

ஏரலில் இருந்து ஒருவர் கூப்பிட்டார். லோடுமேனாம். பின்னால் வாழைத்தார் ஏற்றுகிற சத்தம்.

"மவனுக்குத் தேர்வுன்னு மெசேஜ் வந்திருக்கு. இது நெசந்தானம்மா? பேங்க்ல இருந்து பேசுதோம்னு ஏமாத்துவாம்லா, அது மாதிரி இல்லையே?"

விண்ணப்பத்தைப் பார்த்தேன். காத்திருப்பிலிருந்து திங்கட்கிழமை மேலே வந்தவன். பட்டதாரிப் பெட்டியில் 0. அவனுடைய பள்ளியில் ஒரு ஆசிரியர் உட்கார்ந்து எல்லோருக்கும் நிரப்பிக் கொடுத்தாராம்.

"நெசந்தான்" என்றேன்.

"வீட்ல நம்ப மாட்டுக்கா. நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க" என்று மனைவியிடம் கொடுத்தார். அவரிடமும் சொன்னேன்.

நேற்றுவரை எனக்கு ஒரு வசதி இருந்தது. 0 போட்டவர்களெல்லாம் விவரமான வீட்டுப் பிள்ளைகள், அவர்களைக் கீழே இறக்கினால் யாருக்கும் வலிக்காது என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

ஜெரால்டின் பைக்கில் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனோம். மேலாளர் ஆவுடையப்பன். ஓய்வுபெற்ற பேராசிரியர். நல்ல மனிதர் என்றுதான் ஊரில் பேச்சு. டீ சொன்னார். எந்த ஊரும்மா என்று கேட்டார். சொன்னேன். ஊரைச் சொன்னால் அடுத்து எந்தத் தெரு என்று கேட்பார்கள். கேட்டார். சொன்னேன்.

டீ வந்தது. அவருக்கும் ஜெரால்டுக்கும் கண்ணாடித் தம்ளரில். எனக்குப் பேப்பர் கப்பில். சுகாதாரம்தான் காரணமாக இருக்கும்.

விஷயத்தை விளக்கினேன். அவருக்கு உடனே புரிந்தது. மடையர் இல்லை.

"எத்தன பேருன்னு கேட்டா எண்ணிக்கையத்தானம்மா போடணும். எங்க வீட்ட எடுத்துக்கோ. நானு, தம்பி, ரெண்டு பொண்ணு, மருமகன். அஞ்சு. எண்ணித்தான போடுவேன்?"

"எண்ணுததுக்கு ஆள் இருந்தா எண்ணுவாங்க சார். ஆளே இல்லன்னா இல்லன்னுதான் சொல்லுவாங்க."

"வியாக்கியானம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பழசு என்ன எழுதுனாலும் நம்பும்னு நீயே சொல்லுத. அண்ணன் பி.ஏ.ன்னு எழுதுனவனயும் உள்ள விட்டிருக்கு. அதா சரி?"

"நேர்ல சான்றிதழ் பாப்பீங்கல்லா சார். அவன் அங்க நின்னுருவான்."

"சரி, மாத்துதேன்னு வையி. புதுசா மேல வந்திருக்க இருபத்திரண்டு பேருக்கு யாரு பதில் சொல்லுவா? நீ சொல்லுவியா?"

ஏரல்காரரின் மனைவி நேற்று போனில் ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பக்கமும் எடுத்துக்கிடலாம்லா சார்?" என்றான் ஜெரால்டு.

"எங்க அறக்கட்டளைத் தாளாளரம்மா அறுபதுன்னா அறுபதுதான் தம்பி." பிறகு என்னைப் பார்த்து, "கம்ப்யூட்டர் போட்ட லிஸ்ட்டும்மா. அதுக்கு சாதி தெரியாது, சிபாரிசு தெரியாது. அதுக்காகத்தான அத வச்சிருக்கோம். அதுல நாம கைய வைக்கப்புடாது" என்றார். மனதார நம்பித்தான் சொன்னார்.

ஜெரால்டு அவன் தம்ளரைத் தொடவில்லை. வெளியே வந்து, "ஆறிப்போச்சு" என்றான். பைக்கைக் கிளப்பிய பிறகும் அதையே இன்னொரு முறை சொன்னான்.

ஜூன் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். வேறொன்றுமில்லை.

ஜூன் 16, திங்கள்

முத்துப்பேச்சி மறுபடி கூப்பிட்டாள். இப்போது மேடம் போய் அக்கா ஆகிவிட்டேன்.

"அக்கா, அறக்கட்டளைல இது முடிஞ்ச முடிவுன்னு சொல்லிட்டாங்க. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தப் பட்டதாரி யாருன்னு தெரிஞ்சா, அவங்க எங்க குடும்பம் இல்லன்னு வி.ஏ.ஓ.ட்ட எழுதி வாங்கிரலாம்னு அம்ம சொல்லுதா."

அப்படி ஒரு ஆள் கிடையாது என்றேன்.

"இல்லாத ஆளுக்கு எப்படிக்கா இல்லன்னு எழுதி வாங்க?"

அவள் கேட்டது சரியான கேள்வி. அரசாங்கம் நடப்பதே அதில்தான். சான்றிதழ் வாங்கிப் பிரயோஜனமில்லை என்று மட்டும் சொன்னேன்.

"சரிக்கா. சனிக்கிழம மில்லு வேன் வருது. திருப்பூருக்கு. எங்க தெருல நாலு பேரு போறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணும் இல்லன்னா நானும் ஏறிருவேன். மூணு வருசம் வேல பாத்தா தாலிக்குத் தங்கம் தாராங்களாம்." சிரித்தாள். "அம்மைக்கு பீடி சுத்திச் சுத்தி விரல் மடங்க மாட்டுக்கு. சும்மா ஒக்கார முடியாதுல்லா."

ஐந்நூற்று ஐம்பத்தொன்று. நான் எடுத்தது அதைவிடக் குறைவு.

ஜூன் 17, செவ்வாய்

எங்கள் நிறுவனத்தில் ஒரு விதி இருக்கிறது. வெர்ஷன் மாற்றிய பிறகு ஒரு தளம் சரியாக நடக்கவில்லை என்று புகார் வந்தால், அந்தத் தளத்தை மட்டும் பழைய வெர்ஷனுக்குத் திருப்பி வைக்கலாம். அவர்கள் நிரலைச் சரிசெய்யும் வரை. எல்லா நிறுவனங்களிலும் உள்ள விதிதான். கன்ட்ரோல் பேனலில் தளத்தின் பெயருக்கு எதிரே ஒரு பட்டை இருக்கும். அழுத்தினால் ஏழு, எட்டு என்று விரியும். ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டியது. அவ்வளவுதான்.

அறக்கட்டளை புகார் தரவில்லை. விதியில் யாருடைய புகார் என்று எழுதியில்லை. ஜெரால்டு இதுவரை வந்த இருபத்திரண்டு அழைப்புகளையும் தனித்தனிப் புகாராகப் பதிவு செய்து எனக்கு அனுப்பினான். ஒவ்வொன்றிலும் 'வாடிக்கையாளரின் சிரமம் புரிந்துகொள்ளப்பட்டது' என்று எழுதியிருந்தான்.

ஏழைத் தேர்ந்தெடுத்தேன். மாலை ஐந்து மணி. அறக்கட்டளைக்கு மின்னஞ்சல் போட்டேன். இந்த முறை தமிழில், இரண்டு வரி: உங்கள் நிரல் எட்டாம் வெர்ஷனில் தகுதியுள்ளவர்களைத் தவறாக நிராகரிக்கிறது. சரிசெய்யும் வரை பழைய வெர்ஷனில் ஓடும்.

நாளைக் காலை ஆறு மணிக்குப் பட்டியல் மறுபடி போடப்படும். தேர்வானவர்களுக்கு முதலில் செய்தி போகும். அதன்பிறகு, இடம் போனவர்களுக்கு.

இந்தச் செய்திகள் போகிற எங்கள் எஸ்.எம்.எஸ். கணக்கில் இருப்பு குறைவு என்று நினைவூட்டல் வந்திருக்கிறது. தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு இரண்டு மடங்கு பிடித்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் 'ரிஜெக்டட்' என்றால் ஒன்று. 'தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்' என்றால் இரண்டு. இருப்பு நாற்பத்து நான்கு. நிரப்புவது என் வேலை.

ஜூன் 18, புதன்

காலையில் இருபத்திரண்டு செய்திகள் போயின. அத்துடன் இருப்பு தீர்ந்துவிட்டது. இடம் போனவர்களுக்கான இருபத்திரண்டும் வரிசையில் நிற்கின்றன.

நேற்று எனக்குத் தலைவலி. நிரப்ப மறந்துவிட்டேன்.

ஜெரால்டு என் திரையைப் பார்த்தான். "நிரப்பலையா?"

"தலவலி."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும்."

"எனக்கும் லேசா வலிக்குது" என்றான். போய் உட்கார்ந்துகொண்டான்.

முத்துப்பேச்சி கூப்பிட்டாள். "அக்கா, மறுபடி தேர்வுன்னு வந்திருக்கு. இதாவது நிக்குமா?"

வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்விடு, செய்தியை அழிக்காதே என்றேன்.

ஏரல்காரர் கூப்பிடவில்லை. அவரிடம் இருப்பதும் தேர்வு என்ற செய்திதான். தளத்தைத் திறந்து பார்த்தால் காத்திருப்பு என்று காட்டும். கையில் தேர்வு என்று வைத்திருப்பவர் எதற்குத் திறக்கப் போகிறார்.

ஜூன் 19, வியாழன்

சார் வந்தார்.

"ஒரு சைட்டு மட்டும் ஏன் ஏழுல இருக்கு?"

"புகார் வந்துச்சு சார்."

"யாரு?"

"பயன்படுத்துறவங்க."

"எத்தன பேரு?"

"இருபத்திரண்டு."

சார் உட்கார்ந்தார். எஸ்.எம்.எஸ். கணக்கைப் பற்றியும் கேட்டார். தலைவலி என்றேன். ஜெரால்டும் தலைவலி என்றான். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை. அவரே இப்போது நிரப்பி அனுப்பியிருக்கலாம். பட்டனை அழுத்தினால், யார் அழுத்தியது என்று பதிவாகும். அவர் அழுத்தவில்லை. வரிசையில் நின்ற செய்திகளை அழிக்கச் சொன்னார். அழித்தேன்.

"நாளைக்கு லீவு போட்டுக்கோ. திங்கக்கிழம வரும்போது ஐடி கார்ட எடுத்துட்டு வா" என்றார். அதை நான் தினமும்தான் எடுத்து வருகிறேன்.

ஜூன் 20, வெள்ளி

விடுப்பு என்பதால் அறக்கட்டளை மண்டபத்துக்குப் போனேன். வாசலில் பெரிய பேனர். 'அறுபது குடும்பங்களில் அறிவொளி' என்று எழுதி, தாளாளர் அம்மா கைகூப்பிக்கொண்டிருந்தார். நாற்காலிகள் போதவில்லை. ஆட்கள் தரையில் உட்கார்ந்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். பக்கத்தில் ஒரு அம்மா, கையில் துணிப்பை, விரல்கள் பாதி மடங்கியபடி இருந்தன.

"நீயும் மெசேஜ் வந்துதான் வந்தியாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

அவர் மகள் திரும்பிப் பார்த்தாள். என் குரல் அவளுக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்திருக்கும். நான் பேனரைப் பார்த்தேன்.

ஆவுடையப்பன் பெயர்களை வாசித்தார். அறுபது முடிந்தது. தரையில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். உங்களுக்கு என்ன என்று கேட்டார். யாரும் சத்தம் போடவில்லை. சட்டையில் வாழைக்கறை படிந்த ஒருவர் எழுந்து போய்ச் செல்போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நீங்கதானய்யா அனுப்பியிருக்கீங்க. ஒங்க பேருதான போட்டிருக்கு."

பின்னாலிருந்தவர்களும் செல்போனைத் தூக்கினார்கள். அவர் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். எல்லாம் ஒரே வாசகம். கம்ப்யூட்டர் போட்டது. அதில் அவர் கை வைக்க முடியாது.

இதற்குள் தாளாளர் அம்மா காரில் வந்து இறங்கிவிட்டார். கூட்டத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். இரண்டு பத்திரிகைக்காரர்கள் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து நிறுத்திப் படமெடுத்தார்கள். எண்ணவில்லை. படம் எடுத்து முடிந்த பிறகுதான் ஆவுடையப்பன் அம்மாவின் காதில் சொன்னார். அம்மா பிள்ளைகளைப் பார்த்தார். பத்திரிகைக்காரர்களைப் பார்த்தார். அவர்களைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். ஒலிபெருக்கியை வாங்கி, ஏழைகளின் துயர் பொறுக்காமல் அறக்கட்டளை இந்த ஆண்டு மட்டும் இடங்களைக் கூட்டியிருப்பதாகவும், வந்திருக்கும் அனைவருக்கும் சான்றிதழ் சரிபார்க்கப்பட்டுச் சேர்க்கை நடக்கும் என்றும் அறிவித்தார். விடுதியில் அறைக்கு மூன்று பேருக்குப் பதில் நான்கு பேராம். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கருணை எந்த வழியாக வந்தாலும் கட்டணம் கட்டும்.

சரிபார்ப்பு மேசையில் ஆவுடையப்பனே உட்கார்ந்தார். 'அண்ணன் பி.ஏ.' பையன் வரவில்லை. ஏரல்காரரின் மகன் கையெழுத்துப் போட்டுவிட்டு, சரியாகப் போட்டோமா என்று திரும்பிப் பார்த்தான். அதன்பிறகு முத்துப்பேச்சி. சான்றிதழ்களைப் புரட்டினார். பழைய படிவங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு புதுப் படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்துகொண்டு, அவள் அம்மாவிடம் கேட்டார்:

"வீட்ல பட்டதாரி எத்தன பேரு?"

"யாருமில்லங்கய்யா."

அவர் பேனாவை ஒரு விநாடி கட்டத்தின் மேல் பிடித்தபடி இருந்தார். பிறகு 0 என்று எழுதினார். நிமிராமலே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.